பூச்சியத்துக்குக் கீழே ஒரு காலே அரைக்கால்

மறை அரை பெரிதா, மறை முக்கால் பெரிதா? வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பலர் தயங்காமல் மறை முக்கால் என்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான். இலங்கைப் பொருளாதாரம் 2022-இல் சுருங்கியது. 2023-இலும் சுருங்கியது, ஆனால் குறைவாக. ஆகவே வளர்ச்சி வீதம் உயர்ந்தது என்று எழுதினால் கணக்குப்படி சரி. அப்படி ஒரு தலைப்பைப் போட்டுவிட்டு வாசகர் கடிதங்களைச் சமாளிப்பது வேறு கதை.

இத்தகைய எண்களை நமது பாடநூல்கள் திசைகொண்ட எண்கள் என்கின்றன. தமிழகத்தில் மிகை எண், குறை எண் என்பார்கள். எனக்கு நம்மவர் சொல்லே பிடிக்கிறது. குறை என்றால் ஏதோ பழுதுபோல் ஒலிக்கிறது. திசை என்றதும் ஒரு கோடு கண்முன் விரிகிறது.

வகுப்பில் பெரும்பாலும் கடனைத்தான் உதாரணமாகக் காட்டுவார்கள். பழைய உதாரணம்தான். பிரமகுப்தர் 628-இல் எழுதிய நூலிலேயே நேர் எண் தனம், மறை எண் ருணம், அதாவது கடன். ஆனால் முக்கால் இலட்சம் கடன்பட்டவரையும் அரை இலட்சம் கடன்பட்டவரையும் அருகருகே நிறுத்தினால் யாருடையது பெரிய கடன்? முன்னவருடையதே. அந்தப் 'பெரிய' என்ற சொல்தான் பிள்ளையை இடறி விழுத்துகிறது. கேட்க வேண்டியது கடனின் அளவை அன்று, இருவரில் யார் மேலான நிலையில் நிற்கிறார் என்பதை.

மன்னார் உப்புக்குளத்துப் பிள்ளைகளுக்குக் கடனைவிடக் கடல் நெருக்கம். (கடனும் நெருக்கம்தான் என்று முணுமுணுப்பவர்கள் பொறுத்தருள்க.) அந்தக் கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையேயான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே அங்கே கடலின் கணக்கே பின்னக் கணக்கு.

கடல் வரைபடங்களில் ஆழத்தை ஒரு குறித்த மட்டத்திலிருந்து எண்ணுவார்கள். மிகத் தாழ்ந்த வற்றுக்கு நெருங்கிய மட்டம் அது. வற்றுப்பெருக்கு அட்டவணைக்கு அதுவே பூச்சியம். நீர் அதற்கும் கீழே இறங்கும் நாளில் எண்ணுக்கு முன்னால் மறைக்குறி விழும். ஒரு மணல்திட்டின்மேல் வரைபடம் மூன்று அடி காட்டுவதாகக் கொள்வோம். உங்கள் வள்ளம் மிதக்க இரண்டே முக்கால் அடி வேண்டும். அன்றைய நீர்மட்டம் மறை அரைக்கால் அடி என்றால் இரண்டே முக்காலே அரைக்கால் அடி நீர் நிற்கும், தப்பிவிடுவீர்கள். மறை காலே அரைக்கால் என்றால் இரண்டே அரையே அரைக்கால்தான், வள்ளம் தரைதட்டும். மறை அரைக்காலே பெரியது என்பதை அந்த மணல் நன்றாகவே கற்பித்துவிடும்.

எண்கோட்டைக் கிடையாக வரையாமல், நீரில் நட்ட கழிபோல நிமிர்த்தி வரையலாம் என்பதே என் யோசனை. நீர்மட்டத்தில் பூச்சியம். மேலே ஒன்று, கீழே மறை ஒன்று. ஒவ்வோர் இடைவெளியையும் எட்டுச் சமபங்காக்கினால், மேலே மூன்றாம் கோடு காலே அரைக்கால். கீழே மூன்றாம் கோடு அதன் மறை. கவனிக்க வேண்டியது மறை ஒன்றே கால். பலர் மறை ஒன்றுக்குப் போய், அங்கிருந்து கால் பங்கு மேலேறிப் புள்ளி வைத்துவிடுவார்கள். அது மறை முக்கால். ஒன்றே கால் முழுவதும் கீழ்நோக்கியே போகவேண்டும்.

நம் பழைய எண்சுவடியில் முந்திரி முதல் முக்கால் வரை பின்னங்களுக்கு எத்தனை அழகான பெயர்கள்! முந்திரி 320-இல் ஒரு பங்கு. ஆனால் 320-ஐ மூன்றால் மீதியின்றி வகுக்க முடியாது. மூன்றில் ஒன்று அந்த அடுக்கில் எங்கும் பொருந்தாது. மறை மூன்றில் இரண்டையும் மறை முக்காலையும் ஒப்பிட, கழியைப் பன்னிரண்டாகப் பிரிக்க வேண்டும். முன்னதற்கு எட்டுக் கோடு இறங்கவேண்டும், பின்னதற்கு ஒன்பது. மறை மூன்றில் இரண்டு ஒரு கோடு மேலே நிற்கிறது.