"கரன்ட் எப்படி இருக்கு?" - 33 வருஷமா பெரியப்பா கேட்கிற கேள்வி

எங்கள் குடும்பத்தில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அப்பா கூட்டுறவு வங்கியில் கிளார்க். சித்தி நர்ஸ். நான் செய்தி இணையதளத்தில் நிருபர். பெரியப்பாவின் முறை வரும்போதுதான் எல்லோரும் இழுப்பார்கள். "பாலிடெக்னிக்ல வாத்தியாரு. மோட்டார் பத்தி நடத்துதாரு." "ஓ, மோட்டார் ரிப்பேரா?" "ரிப்பேர் இல்ல... ஆனா மோட்டார்தான்."

இப்படியே 33 வருடங்கள் ஓடிவிட்டன. வருகிற மே மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். அதற்கு முன்பாவது அந்த ஒரு வரியைச் சரியாகச் சொல்லப் பழக வேண்டும் என்றுதான் சில ஞாயிற்றுக்கிழமைகளை அவரோடு செலவழித்தேன்.

பெரியப்பா நடத்துவது இரண்டு விஷயங்கள். ஒன்று, 'டிரைவ்ஸ்'. மோட்டாரை நமக்கு வேண்டிய வேகத்தில் ஓடவைக்கும் வித்தை. இன்னொன்று, 'பவர் குவாலிட்டி'. அதாவது, வருகிற மின்சாரம் ஒழுங்கான மின்சாரம்தானா என்று பார்ப்பது. நாம் எல்லோரும் "கரன்ட் இருக்கா?" என்று கேட்போம். அவர் மட்டும் "கரன்ட் எப்படி இருக்கு?" என்பார்.

இதைப் படிப்பதற்கு எங்கள் ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்பது அவர் கட்சி. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் நூற்பாலை அமைத்தபோது, ஆலையின் இயந்திரங்களைச் சுழற்றியது தாமிரபரணித் தண்ணீரின் விசைதான். 1944-ல் அதே பாபநாசத்தில் நீர்மின் நிலையம் வந்தது. பிறகு கயத்தாறு, முப்பந்தல் பக்கமெல்லாம் காற்றாலைகள். அதன்பின் கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் அணு உலைகள். தண்ணீர், காற்று, அணு என மூன்றிலும் மின்சாரம் எடுக்கிற மண் இது. 1981-ல் தொடங்கிய நெல்லை அரசு பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு, 1992-ல் பெரியப்பா வேலைக்குச் சேர்ந்தார்.

"இவ்வளவு கரன்ட் எடுக்குற ஊர்ல, வயக்காட்டு மோட்டார் ஏன் பெரியப்பா கருகுது?" என்று கேட்டேன்.

"அதத்தாம்ட்டி நானும் 33 வருஷமா நடத்துதேன்" என்று சிரித்தார்.

மோட்டாருக்கு 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 10 சதவிகிதம் குறைந்தால், அதன் முறுக்குவிசை 10 சதவிகிதம் குறையும் என்றுதான் நானும் நினைத்தேன். 19 சதவிகிதம் குறையுமாம். ஆனால், தூக்க வேண்டிய தண்ணீரின் பாரம் குறையாதே? அதனால் மோட்டார் கூடுதல் கரன்ட்டை இழுக்கும், சுடும். மூன்று பேஸும் சமமாக வராமல் 3.5 சதவிகிதம் ஏறுக்குமாறாக இருந்தாலே, சூடு ஏறக்குறைய 25 சதவிகிதம் கூடிவிடும். ஒரு பேஸ் மொத்தமாகப் போய்விட்டால் கேட்கவே வேண்டாம்.

சேரன்மாதேவிப் பக்கம் எங்கள் அத்தைக்கு வாழைத் தோட்டம் இருக்கிறது. மாமா தவறிய பிறகு அவரேதான் பார்த்துக்கொள்கிறார். ஒரு கோடையில் அவரது மோட்டார் மூன்று முறை எரிந்தது. ஒவ்வொரு முறையும் காயில் கட்டக் காசு. கட்டி வரும்வரை தண்ணீர் இல்லாமல் வாடும் வாழை. "புது மோட்டார் வாங்கிருங்க" என்றார்கள். அத்தை கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டார்.

பெரியப்பா நேராகக் காயில் கட்டும் கடைக்குப் போய், எரிந்த மோட்டாரைத் திறக்கச் சொன்னார். இரண்டு பேஸின் காயில்கள் கருகியிருந்தன. மூன்றாவது பளிச்சென்று கிடந்தது. "மோட்டார் கெட்டுப்போகல. ஒரு பேஸ் வராமலே ஓடியிருக்கு" என்றார். ஸ்டார் இணைப்பில் உள்ள மோட்டார் அப்படி ஓடினால் இரண்டு பேஸ் கருகும். டெல்டா என்றால் ஒன்று கருகும். பாரம் தாங்காமல் எரிந்திருந்தால் மூன்றுமே ஒன்றுபோலக் கறுத்திருக்கும். எரிந்த காயிலே வாக்குமூலம் கொடுத்துவிடுகிறது. கடைசியில் பார்த்தால், அத்தையின் ஸ்டார்ட்டரில் ஒரு கான்டாக்ட் தேய்ந்துபோயிருந்தது. அதை மாற்றி, ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்திவிடும் பிரிவென்டர் ஒன்றையும் மாட்டினார்கள். சங்கிலி மறுபடி கழுத்துக்குப் போனது.

டிரைவ்ஸ் கதை வேறு மாதிரி. ஒரு பம்ப்பிலிருந்து குறைவாகத் தண்ணீர் வேண்டுமென்றால் நாம் வால்வைத் திருகி அடைப்போம். அடுப்பை முழுசாக எரியவிட்டுவிட்டு, பால் பொங்காமலிருக்க ஊதிக்கொண்டே நிற்பது போன்ற வேலை அது. அதற்குப் பதிலாக மோட்டாரின் வேகத்தையே குறைக்கலாம். பம்ப், ஃபேன் போன்றவற்றில் வேகத்தை 80 சதவிகிதமாக்கினால், மின்செலவு ஏறக்குறைய பாதியாகிவிடும். இதைச் சாத்தியமாக்கிய முக்கியமான கருவி ஐ.ஜி.பி.டி. சென்னையில் பிறந்து, 1969-ல் சென்னை ஐ.ஐ.டி-யில் பட்டம் பெற்ற ஜயந்த் பாலிகா, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்தபோது 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. 2024-ல் அவருக்கு மில்லினியம் டெக்னாலஜி பரிசு கிடைத்த அன்று, பெரியப்பா வகுப்புக்கு லாலா கடை அல்வா வாங்கிப் போனாராம்.

ஆனால், இந்த மருந்துக்கும் பக்கவிளைவு உண்டு. டிரைவ் கருவி மின்சாரத்தை நறுக்கி நறுக்கித்தான் எடுக்கும். அதனால் 50 ஹெர்ட்ஸ் ஓட வேண்டிய லைனில் 250, 350 என்று வேண்டாத அலைகள் சேர்ந்துகொள்ளும். ஹார்மோனிக்ஸ் என்பது இதைத்தான். "நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்ல ஒண்ணத் தட்டினா பக்கத்துத் தூணும் அதிரும்லா? அதே மாதிரி, லைன்ல இருக்க கெப்பாசிட்டரும் இந்த அலையோட சேர்ந்து அதிர ஆரம்பிச்சிரும். சில நேரம் வெடிச்சே போவும்." கரன்ட் மிச்சம் பிடிக்க டிரைவ் வாங்கி மாட்டிய ஆலைகளில், கெப்பாசிட்டர்கள் ஏன் அடிக்கடி சாகின்றன என்று கண்டுபிடித்துச் சொன்னவர்களில் அவருடைய மாணவர்களும் உண்டு. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்.

இப்போது அவர் வகுப்பில் பாதி பெஞ்ச் காலி. வருகிற பிள்ளைகள் எல்லோரும் கம்ப்யூட்டர் பிரிவைத்தான் கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் கடன் இருக்கும், சீக்கிரம் சம்பளம் வேண்டும். ஆனால், 2025 பிப்ரவரியில் கங்கைகொண்டானில் டாடா பவரின் சோலார் ஆலை திறக்கப்பட்டது. அதே வருடம் ஆகஸ்ட்டில் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட்டின் மின்சார கார் ஆலை. கார் என்பது சக்கரம் வைத்த ஒரு டிரைவ். கூரை சோலார் இன்வெர்ட்டர் அதன் ஒன்றுவிட்ட தம்பி. வீட்டில் சுற்றும் பி.எல்.டி.சி ஃபேனும் அதே குடும்பம்தான். பெரியப்பாவின் பாடம் இப்போதுதான் ஊருக்கு வேலை கொண்டுவருகிறது. அதைச் சொல்லித்தரும் ஆளோ வீட்டுக்குப் போகிறார்.

"உங்க இடத்துக்கு யாரு பெரியப்பா வருவாங்க?"

"போஸ்ட்ட நிரப்புவாங்களான்னே தெரியல" என்றவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "மெஷின்ஸ் லேப்ல இருக்க பழைய டி.சி மோட்டாரை மட்டும் இரும்புக் கடைக்குப் போட்டுரக் கூடாது. திறந்து காட்டுனாத்தான் பிள்ளைகளுக்குப் புரியும்" என்றார்.

ஜூன் மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் காயில் கட்டும் கடையில் உட்காரப்போகிறாராம். சம்பளத்துக்கு அல்ல. கடையில் வேலை பார்க்கும் இரண்டு பையன்களுக்கு, எரிந்த காயிலைப் பிரித்து எறிவதற்கு முன்னால் அதைப் படிக்கச் சொல்லித்தர வேண்டுமாம். "மோட்டாரச் சரிபண்ண அவனுகளுக்கே தெரியும். ஏன் எரிஞ்சுதுன்னு சொல்லத் தெரிஞ்சா, அந்த விவசாயி திரும்ப வர வேண்டாம்லா?"

"திரும்ப வரலன்னா கடைக்கு நஷ்டம்தானே பெரியப்பா?"

"அதக் கடைக்காரன்ட்ட சொல்லிராத, ஏட்டி."