சர்பத் பாகு புளிக்காமலிருக்க...

மழை பொய்த்து உளுந்து கருகிய வருஷம், கயத்தாறு பக்கத்து மானாவாரி விவசாயி வீட்டம்மா ஒருவர் கோடையில் சர்பத் கடை போட்டார். கிலோ சீனிக்கு லிட்டர் தண்ணீர் விட்டுக் காய்ச்சிய பாகு, சில நாளிலேயே நுரைத்துப் புளித்தது. கைக்காசு போனது.

தண்ணீர் மிகுந்த பாகில் ஈஸ்ட் பெருகும். சீனி அடர்ந்தால் பெருகாது. இப்போது 2 கிலோ சீனிக்கு 1 லிட்டர் தண்ணீர். கொதிக்கும்போதே அரை மூடி எலுமிச்சைச் சாறு விடுகிறார், சீனி பூப்பதில்லை. கடலை மிட்டாய்க்குப் போல முறுகக் காய்ச்சுவதில்லை, அது இறுகிவிடும். அழுக்கை வடிகட்டி, நன்றாக ஆறியபின், கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி மூடுகிறார். ஈரக் கரண்டி உள்ளே போகாது. தேவைக்கு மேல் காய்ச்சுவதுமில்லை.

பாகு இப்போது வீணாவதில்லை. கோடைச் செலவுக்குக் கடையே கைகொடுக்கிறது.