தீபாவளி க்ளிட்டரும் ஜெல் பாட்டிலும்

தீபாவளிக்கு வீட்லயே க்ளிட்டர் மெனிக்யூர் போடப்போறவங்களுக்காக இந்த த்ரெட்.

"டாக்டரம்மா வந்துட்டாங்க, இனி எல்லாத்துக்கும் வேணாம்னு சொல்லுவாங்க"ன்னு ஓடிடாதீங்க. எனக்கு க்ளிட்டர் ரொம்பப் பிடிக்கும். ஆஸ்பத்திரியில வெறும் நகத்தோடதான் நிக்கணும்ங்கிறதால, பண்டிகை லீவு ரெண்டு மூணு நாள்தான் எனக்கு அந்த பாக்கியம்.

போன தீபாவளிக்கு அக்கா பொண்ணு ஆன்லைன்ல ஒரு ஜெல் பாலிஷ் கிட் வாங்கி வெச்சிருந்தா. ஆறு குட்டி பாட்டில், கூடவே ஒரு யுவி விளக்கு. "சித்தி, ரெண்டு வாரத்துக்கு அப்படியே மின்னும், பாருங்க"ன்னா. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், உள்ள என்ன இருக்குன்னு ஒரு வரி கூட இல்ல. வேணாம்னேன். கோவம் வந்துடுச்சு. "பார்லர்ல எல்லாரும் போடறாங்களே?"

நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் நீளம்.

சாதாரண நெயில் பாலிஷ்ல கரைப்பான் ஆவியாகிப் போகும், அதனால காயும். ஜெல் அப்படிக் காயறதில்ல. அதுல மெதாக்ரிலேட்னு சின்னச் சின்ன மூலக்கூறுகள் இருக்கு. யுவி வெளிச்சம் பட்டதும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு பிளாஸ்டிக்கா இறுகும். முழுசா இறுகிட்டா பெரிய தொல்லை இல்ல. இறுகாத திரவம் தோல்ல பட்டா, சிலருக்கு உடம்பு அதை எதிரியா ஞாபகம் வெச்சுக்கும். இடது கையால வலது கைக்குப் போடும்போது தோல்ல வழியாம போடறவங்க எத்தனை பேரு?

க்ளிட்டர் ஜெல் இன்னும் சிக்கல். மினுக்குத் துகள் வெளிச்சத்தை மறைக்கும். தடிமனாப் போட்டா மேல கெட்டி, அடியில வேகாத இட்லி.

அலர்ஜி வந்தா விரல் நுனி அரிக்கும், சிவக்கும், வெடிக்கும். நகம் சதையை விட்டுத் தூக்கும். தொட்ட கண் இமை கூட வீங்கலாம். ஒருதடவை வந்தா பொதுவா ஆயுசுக்கும் போகாது. பல் அடைக்கிற காம்போசிட், மூட்டு மாற்று ஆபரேஷன்ல வைக்கிற எலும்பு சிமெண்ட் எல்லாம் இதே குடும்பம்தான். ஐரோப்பிய ஒன்றியத்துல 2021-லேர்ந்து ஹெச்.இ.எம்.ஏ.ங்கிற மெதாக்ரிலேட் உள்ள நகப் பொருட்களைத் தொழில்முறையா செய்யறவங்க மட்டும்தான் பயன்படுத்தணும்னு விதி. பார்லர்லயும் அலர்ஜி வரலாம். நல்லா பழகினவங்க தோல்ல படாம போடுவாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்.

"காம்போசிட்"ங்கிற வார்த்தைக்கு அவ நிமிர்ந்தா. அப்போ அவ பி.டி.எஸ். ரெண்டாம் வருஷம். அடுத்த வருஷத்துலேர்ந்து தினமும் கையில எடுக்கப்போற பொருள் அது. சாதாரண கையுறையைக் கூட மெதாக்ரிலேட் சில நிமிஷத்துல ஊடுருவிடும். இதுக்கு அலர்ஜி வந்த பல் டாக்டர் என்ன பண்ணுவாங்க? நான் சொல்ல வேண்டியிருக்கல. கிட்டை அவளே மூடி வெச்சுட்டு, "அப்ப க்ளிட்டர்?"னா.

சாதாரண க்ளிட்டர் பாலிஷ் போதும். விடியக்காலை எண்ணெய்க் குளியல் இருக்கே, அதனால முந்தின நாள் மதியமே ஆரம்பிச்சோம். மேல பத்து நிமிஷத்துல காஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் உள்ள இறுக பல மணி நேரம் ஆகும். ரிமூவரால நகத்துல எண்ணெய்ப் பசையைத் துடைச்சோம். நகத்தோட அடியில இருக்கிற மெல்லிய தோலை வெட்டவிடல. கிருமி உள்ள போகாம அடைக்கிறதே அதுதான், வெட்டினா விரல்ல எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கிட்டு நகச்சுத்தோட தீபாவளி கொண்டாடணும். பேஸ் கோட், மெரூன் ரெண்டு மெல்லிய பூச்சு. அப்புறம் தங்க க்ளிட்டரை மேக்கப் ஸ்பாஞ்சுல தடவி நுனியில ஒத்தினோம். ஸ்பாஞ்சு திரவத்தைக் குடிச்சுடும், துகள் நெருக்கமா உக்காரும். கையால சாப்பிடற ஊரு நம்மளது, முறுக்கு மாவுல க்ளிட்டர் விழக்கூடாது. அதனால டாப் கோட் ரெண்டு தடவை, நுனி விளிம்பையும் மூடி.

கழட்டறதுலதான் நிறைய பேர் நகத்தைக் கெடுத்துக்கறாங்க. க்ளிட்டர் பெரும்பாலும் பிளாஸ்டிக் துகள், அசிட்டோன் அதைச் சுத்தியிருக்கிற பூச்சைத்தான் கரைக்கும். சுரண்டினா நகத்தோட அடுக்கும் சேந்து வரும். விரல் நகம் மாசத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவுதான் வளரும், ஆறாத் தெரியும். பஞ்சை நனைச்சு நகத்து மேல வெச்சு, அலுமினியம் ஃபாயில் சுத்தி பத்து நிமிஷம் விட்டா வழிச்சுக்கிட்டு வந்துடும். அசிட்டோன் சட்டுனு தீப்பிடிக்கும், அகல் விளக்கு, மத்தாப்பு பக்கம் வேணவே வேணாம்.

ஏற்கெனவே ஜெல் போட்டு விரல் அரிக்குதா? நிறுத்திட்டு தோல் டாக்டர்கிட்ட பேட்ச் டெஸ்ட் கேளுங்க. அலர்ஜின்னு உறுதியானா பல் டாக்டர்கிட்டயும் சொல்லி வையுங்க.

காலேஜ் திறக்கிறதுக்கு முந்தின ராத்திரி பத்து விரல்லயும் ஃபாயிலோட உக்காந்திருந்தா. மிச்சமிருந்த அதிரசத்தை அக்காதான் ஊட்டிவிட்டா.