பிள்ளையோடு ஒரு பயணம், பையில் ஒரு படப்புத்தகம்

விடுமுறை நாட்களில் லெப்பைக்குடிக்காட்டிற்கும் வி.களத்தூருக்கும் உறவினரைக் காணச் செல்வோர் நம்மில் பலர். அங்ஙனம் செல்வோர் ஒருநாளை ஒதுக்கினால், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் சிறார்க்குக் காட்டத்தக்கவை நிறைய உண்டு. புறப்படும்போது தின்பண்டங்களோடு இரண்டு படப்புத்தகங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பலூர்ச் சாலைகளின் இருமருங்கிலும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்றன. 2018-ஆம் ஆண்டு படைப்புழு தாக்கி மக்காச்சோள உழவர்களைக் கலங்கடித்தது இம்மண்ணில்தான். இங்கே, அமெரிக்க ஓவியர் எரிக் கார்ல் 1969-இல் வெளியிட்ட பசித்த புழுவின் கதையை விரித்துப் பாருங்கள். புழு தின்ற இடமெல்லாம் தாளில் துளை இருக்கும். பிள்ளையின் விரல் தானாகவே அதில் நுழையும். “இதற்கு மருந்து அடிக்க வேண்டாமா?” என்று உழவர் வீட்டுப் பிள்ளை கேட்கக்கூடும். கேட்கட்டும். புழு வண்ணத்துப்பூச்சியாகும் கடைசிப் பக்கத்தைக் கண்டபின் வேறு கேள்வியும் கேட்கும்.

அடுத்து சாத்தனூர். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரமொன்று 18 மீட்டர் நீளத்திற்குக் கல்லாகிக் கிடக்கிறது. நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதனை உலகிற்கு அறிவித்தார். ஒரு காலத்தில் கடல் பரந்திருந்த நிலம் இது. இவற்றையெல்லாம் உடனே சொல்லிவிடாதீர்கள். “உனக்கு என்ன தெரிகிறது?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். படப்புத்தகம் பார்க்கும் முறையும் இதுவே. வரியை ஒப்பிக்கச் சொன்னால் அது பாடமாகிவிடும். படத்தைக் காட்டிப் பேசவிட்டால் மொழி வளரும்.

அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-இல் ராம்சர் தகுதியும் பெற்றது. இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இங்கே தங்குகின்றன. பல வண்ணப் பறவைகளைக் கண்ட பிள்ளைக்கு, மிக்கி பட்டேல் எழுதி வரைந்த ரூபா யானையின் கதை பொருத்தமானது. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு அது. தன் சாம்பல் நிறத்தை வெறுத்துப் பிறரின் வண்ணங்களுக்கு ஏங்கிய யானை, இறுதியில் தன் நிறத்திலேயே மகிழ்கிறது. விருந்து வீடுகளில் “பிள்ளை கறுத்துவிட்டதே” என்னும் பேச்சைக் கேட்டு முகம் வாடும் நம் பெண்மக்களுக்கு இதனைவிட நல்ல மறுமொழி ஏது?

இன்னொன்றையும் எண்ணிப்பாருங்கள். இவ்வூர்களின் எத்தனையோ அத்தாமார் வளைகுடா நாடுகளில் உழைக்கின்றனர். பிள்ளைக்கு அவர்கள் தொலைபேசியில் கேட்கும் குரல் மட்டுமே. “சாப்பிட்டாயா? படிக்கிறாயா?” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதையை அத்தா அங்கும் பிள்ளை இங்கும் திறந்து வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை பக்கம் பக்கமாகப் பேசலாமே! விடுப்பில் வரும்போது அவர் பிள்ளைக்கு அந்நியராக இருக்கமாட்டார்.

ஓதும்படியான கட்டளையோடு வஹீ தொடங்கிய மார்க்கம் நம்முடையது. எழுத்தறியாப் பிள்ளைக்கு ஓதலின் முதற்படி, பெற்றோர் மடியில் அமர்ந்து பார்ப்பதும் பேசுவதுமே. அந்த மடியை நம் பிள்ளைகளுக்கு மறுக்காதிருப்போம்.