பந்திக்கு வெளியே

கல்பாக்கம் அணுசக்தி நிலையங்களில் பணிபுரிவோர் வாழும் அணுபுரத்தில் பல மாநிலத்தாரும் பல சமயத்தாரும் அடுத்தடுத்துக் குடியிருக்கின்றனர். எங்கள் எதிர்வீட்டு அம்மா லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். கிறிஸ்மஸ் பலகாரத் தட்டு இரு வீடுகளுக்கும் இடையே பல்லாண்டுகளாகப் போய்வருகின்றது. ஆயினும், அவர் வழிபடும் ஆலயத்தில் என்ன நடக்கின்றது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டறிந்ததில்லை. அவருடைய பேரன் தரங்கம்பாடியில் திடப்படுத்தல் பெற்று முதன்முறையாகத் திருவிருந்தில் பங்குகொள்ளவிருந்தான். "நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் வரணும்" என்று அம்மா அழைத்தார். மறுக்க மனம் வரவில்லை.

கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிப் பயணமானோம். புறப்பட்ட சிறிது நேரத்திற்கெல்லாம் சதுரங்கப்பட்டினம். அங்குள்ள கோட்டை டச்சுக்காரர் கட்டியது. புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆண்டது. தரங்கம்பாடி டேனியர் ஆண்டது. ஐரோப்பாவில் பிறந்த சமயப் பிணக்குகள் கப்பலேறி நம் கரையில் துறைக்கு ஒன்றாக வந்திறங்கின. அவை போட்ட வேலிகளையே நாம் இன்றும் காத்துவருகின்றோம்.

ஜெர்மானியராகிய சீகன்பால்கு 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் கால்வைத்தார். 1715இல் அவரது தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. 1718இல் அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திற்குள்ளேயே மறு ஆண்டு அடக்கம் செய்யப்பட்டார். தமிழ் கற்கையில் அவர் தேடிச் சேர்த்த சுவடிகளில் கத்தோலிக்க நூல்களும் இருந்தன. நம் மறைப்பணியாளர் பழக்கிய சொற்கள் பலவற்றை அவர் எடுத்தாண்டார். அவருக்குப் பின் வந்த லுத்தரன் குருக்களை எதிர்த்து நம் வீரமாமுனிவர் 'வேத விளக்கம்' எழுதினார். ஒரே தமிழில் சொல்லும் கொடுத்துக்கொண்டார்கள், சண்டையும் இட்டுக்கொண்டார்கள்.

அந்த ஆலயத்திற்குள் ஞாயிறு காலையில் சென்று அமர்ந்தோம். அயல்வீட்டிற்குள் நுழைந்த கூச்சம் சில நிமிடங்களில் அகன்றது. பீடம், மெழுகுவர்த்தி, சிலுவை எல்லாம் இருந்தன. பாவ அறிக்கை, இரக்க மன்றாட்டு, வாசகங்கள், விசுவாச அறிக்கை என நம் திருப்பலியின் ஒழுங்கே தொடர்ந்தது. இதில் வியப்பில்லை. 1523இல் வழிபாட்டைச் சீர்திருத்திய மார்ட்டின் லுத்தர், பலி பற்றிய மன்றாட்டுகளை நீக்கினாரேயன்றிப் பழைய ஒழுங்கைக் கைவிடவில்லை.

எங்களை நாணச் செய்தது அவர்களுடைய பாடல். முதலில் ஜெர்மானிய மெட்டில் ஒரு ஞானப்பாட்டு. நிறுத்தி நிதானமாகச் செல்லும் நடை. அத்தகைய பாடல்கள் பலவற்றைத் தமிழாக்கித் தந்தவர், 18ஆம் நூற்றாண்டில் சென்னையில் பணியாற்றிய பப்ரிசியுஸ். அடுத்து இராகமும் தாளமும் குறித்த கீர்த்தனை. அதை வளர்த்தவர்களில் தலையாயவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). இரண்டையும் கிழவரும் சிறுவரும் கடைசி அடிவரை பாடினர். பாடகர் குழு பாட, நாம் கேட்டுக்கொண்டு நிற்கும் வழக்கம் நினைவுக்கு வந்தது. பாட்டு மக்களுக்குரியது என்று நம் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963இல் சொல்லியிருக்கின்றது. சங்கம் சொன்னதை நாம் இன்னும் பாடிப் பழகவில்லை.

பிறகு திருவிருந்து. வரிசை வரிசையாகச் சென்று பீடத்தின் முன் முழந்தாளிட்டு, அப்பத்தையும் திராட்சை இரசத்தையும் பெற்றுக்கொண்டனர். அதை வெறும் அடையாளமென்று லுத்தர் கருதவில்லை. ஆண்டவரின் உடலும் இரத்தமும் மெய்யாகவே அங்குள்ளன என்பதற்காக 1529இல் மார்பர்க் நகரில் ஸ்விங்லியோடு வாதிட்டுப் பிரிந்தவர் அவர். ஆயினும் குருத்துவம் பற்றியும் பலி பற்றியும் நமக்கும் அவர்களுக்கும் இடையில் தீராத வேறுபாடு உண்டு.

அம்மா எழுந்தார். ஒரு கணம் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அப்பார்வையில் அழைப்பு இருந்தது, வற்புறுத்தல் இல்லை. நாங்கள் எழவில்லை. நம் திருச்சபையின் ஒழுங்கு அறிந்தே அமர்ந்திருந்தோம். முன்வரிசை காலியாயிற்று, எங்கள் வரிசையும் காலியாயிற்று. கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பசியோடு பந்தியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் போலானோம்.

அப்பொழுதுதான் அந்த நினைவு வந்து தைத்தது. எங்கள் மகள் புதுநன்மை வாங்கிய நாளில் அம்மா நம் ஆலயத்திற்கு வந்திருந்தார். பட்டுப்புடைவை உடுத்தி, எங்களுக்குப் பின்வரிசையில் அமர்ந்திருந்தார். நாங்கள் எல்லோரும் எழுந்து சென்றோம். அவர் தனியே இருந்தார். திரும்பி வந்தபோது எங்கள் மகளை மட்டுமே பார்த்தோம். அம்மாவின் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. அந்த இருக்கை எத்தகையது என்பதை அறிய எங்களுக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.

விருந்து முடிந்து பேரன் ஓடிவந்து எங்கள் கைகளைப் பற்றிக்கொண்டான். வழியில் அம்மாவிடம் அன்றைய நாளைப் பற்றிச் சொல்லி வருந்தினோம். "எனக்கு அன்னைக்கே கஷ்டமாத்தான் இருந்துச்சு. உங்க பொண்ணுக்காக ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

1999இல் ஆக்ஸ்பர்க் நகரில் நம் திருச்சபையும் லுத்தரன் உலகச் சம்மேளனமும் மீட்பின் அருளைக் குறித்துக் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. 2016இல் லுண்ட் நகரில் திருத்தந்தை பிரான்சிசும் லுத்தரன் தலைவர்களும், வாழ்வு முழுவதையும் பகிர்ந்தும் திருவிருந்தைப் பகிர முடியாதோரின் வேதனையைத் தங்கள் வேதனையாக ஏற்றனர். ஏடுகளில் படித்தபோது அவை செய்திகளாயிருந்தன. தரங்கம்பாடியில் அவை எங்களுக்கு வலியாயின.

வேலியை நாமாகப் பிடுங்கியெறிய இயலாது. உண்மையை விலையாகக் கொடுத்து வாங்கும் ஒன்றிப்பு நிலைக்காது. ஆனால் வேலி இருப்பதே வலிக்காத நெஞ்சோடு நற்கருணை வாங்குவது தகுமா? இப்பொழுதெல்லாம் ஞாயிறுதோறும் எழுந்து செல்லுமுன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்க்கின்றோம். யாரேனும் தனியே அமர்ந்திருந்தால், அவருக்காகவும் சேர்த்தே 'ஆமென்' சொல்லுகின்றோம்.