ஃபால்கனுக்கு நான் செய்த அநீதி

கார்களைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கதையைப் பாதி மறைத்தே சொல்லி வந்திருக்கிறேன். மறதியால் அல்ல, தெரிந்தே.

1964 மான்டே கார்லோ ராலி. பேடி ஹாப்கர்க் ஓட்ட, ஹென்றி லிடன் வழி சொல்ல, 1071 சிசி மினி கூப்பர் எஸ் முதலிடம் பிடித்தது. ஸ்வீடன்காரர் போ யுங்ஃபெல்ட் ஓட்டிய ஃபோர்டு ஃபால்கனுக்கு இரண்டாமிடம். ஃபால்கனில் இருந்தது 4.7 லிட்டர் வி8 என்ஜின், மினியுடையதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். நீளத்திலும் மினியைவிட ஒன்றரை மீட்டர் அதிகம். "சின்னது பெரியதை வேகத்தில் வென்றது" என்று நான் முடிக்கும்போது கேட்பவர்களின் முகம் மலரும். அந்த மலர்ச்சிக்கு ஆசைப்பட்டேன்.

வேகத்தில் வெல்லவில்லை. அந்தப் பந்தயத்தில் என்ஜின் அளவைக் கணக்கிட்டுச் சிறிய கார்களுக்குச் சலுகை தரும் விதி இருந்தது. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் ஃபால்கன்தான் முன்னால். இதைப் பல வருடங்களுக்கு முன்பே படித்துவிட்டேன். படித்த பிறகும் விதியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

காரணம் மினி மேல் எனக்கிருந்த மோகம். அலெக் இசிகோனிஸ் என்ஜினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸை அதன் அடியில் ஒரே எண்ணெயில் ஓடும்படி வைத்து, 10 அங்குலச் சக்கரங்களைப் பூட்டி, மூன்று மீட்டரைச் சற்றே தாண்டிய நீளத்தில் நான்கு பேருக்கு இடம் கண்டுபிடித்தார். 1959இல் வந்த அந்த வடிவமைப்பை இன்றும் வியக்கிறேன். ஆனால் என் வியப்புக்கு வில்லன் ஒருவன் தேவைப்பட்டான். ஃபால்கனைக் கொழுத்த, மந்தமான அமெரிக்க வண்டியாகச் சித்திரித்தேன். அது பொய். முன்னால் கனமான வி8, உந்துவிசை பின்சக்கரங்களுக்கு. இப்படிப்பட்ட வண்டியைப் பனி படிந்த ஆல்ப்ஸ் மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் எல்லோரையும்விட வேகமாக ஓட்டியவர் யுங்ஃபெல்ட். அவருடைய திறமையை ஒரு வரியில்கூட நான் பாராட்டியதில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. என் பொய்யால் மினிக்கும் பெருமை சேரவில்லை. 1607 மீட்டர் உயரத்திலுள்ள கோல் டி டுரினி கணவாயின் இரவுக் கட்டத்தில், அவ்வளவு பெரிய என்ஜினுக்கு மினி 17 வினாடிதான் பின்தங்கியது. முன்சக்கரங்கள் இழுக்க, எடை அவற்றின் மேல் அழுந்த, பனியில் பிடி கிடைத்ததால் வந்த கணக்கு அது. வெற்றியைவிட அந்த 17 வினாடிதான் இசிகோனிஸின் உண்மையான சாதனை என்று இப்போது நினைக்கிறேன். விதியை மறைத்ததால் அதையும் சேர்த்தே மறைக்க வேண்டியதாயிற்று. பின்தங்கியது என்று சொன்னால் என் கதை நிற்காதே.

இந்தக் கதையை என்னிடம் கேட்டவர்களில் சிலர் அதை அப்படியே மற்றவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் எனக்குத் தெரிந்தவர்களைத் தேடிப் போய் விதியையும், யுங்ஃபெல்டின் பெயரையும், அந்த 17 வினாடியையும் சொல்லத் தொடங்கியிருக்கிறேன்.