துணி காயாத ஊரிலிருந்து

டூசல்டார்ஃப்

மாப்பிள்ளைக்கு,

வேலை உறுதியாகிவிட்டது, வீடும் அமைந்துவிட்டது என்று அக்கா போனில் சொன்னாள். கூடவே, "வாஷிங் மெஷின் வீட்டிலேயே இருக்கும்ல?" என்று கேட்டாள். இருக்காது. ஜெர்மனியில் வாடகை வீடு என்றால் பெரும்பாலும் வெறும் சுவர்தான். பல வீடுகளில் சமையல் மேடைகூட இருக்காது. முன்பு குடியிருந்தவர் கழற்றி எடுத்துப் போயிருப்பார். ஒரு குழாயும் கழிவுநீர் போகும் வழியும் உள்ள மூலையைக் காட்டி, மெஷினுக்கு இதுதான் இடம் என்பார்கள். அது குளியலறையாகவும் இருக்கலாம், அடித்தளமாகவும் இருக்கலாம்.

கடைக்குப் போனதும் எல்லாரும் முதலில் வாஷிங் மெஷினைத்தான் பார்ப்பார்கள். நீ டிரையரிலிருந்து யோசி. நம் வீட்டில் துவைத்த பிறகு நடப்பதை மொட்டை மாடி பார்த்துக்கொள்கிறது; இரண்டு மணி நேர வெயிலில் வேட்டி மொறமொறவென்று ஆகிவிடும். இங்கே நவம்பர் பிறந்தால் மார்ச் வரை வெளியே காயப்போட்டது ஈரமாகவே திரும்பி வரும். வீட்டுக்குள் ஸ்டாண்டு வைத்துக் காயப்போடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரு ஈடு துணியில் தங்கியிருக்கும் நாலு லிட்டர் தண்ணீரும் அறைக் காற்றுக்குத்தான் போகும். ஜன்னல்கள் ரப்பர் வைத்து இறுக மூடிய வீடுகள் இவை. அந்த ஈரம் வெளிச்சுவரின் குளிர்ந்த மூலையில் போய்ப் படிந்து, சில வாரங்களில் கறுப்பாகப் பூஞ்சை பூக்கும். அதற்குப் பிறகு வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வரும். காலை மாலை ஜன்னலை அகலத் திறந்து வைத்தாயா என்று விசாரணை நடக்கும். கைக்குழந்தையோடு வருகிற நீ டிரையர் வாங்கிவிடுவது நல்லது.

டிரையர் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதைப் பாதி தீர்மானிப்பது வாஷிங் மெஷின். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க 0.6 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும். இயற்கை வைத்த கணக்கு இது, எந்தக் கம்பெனியாலும் மாற்ற முடியாது. அதே தண்ணீரைச் சுழற்றிப் பிழிந்து வெளியேற்றுவதற்கு அதில் சிறு பங்கு போதும். நிமிடத்துக்கு 1400 சுற்று சுற்றும் மெஷினில் 8 கிலோ பருத்தித் துணி போட்டால், பிழிந்த பிறகு சுமார் 4 லிட்டர் தங்கும். 1000 சுற்று என்றால் சுமார் 5 லிட்டர். மெஷினில் ஒட்டியிருக்கும் லேபிளில் பிழிவதற்கென்று தனியாக ஒரு எழுத்து இருக்கிறது. அது 'பி' என்றால் துணியின் எடையில் 54 சதவீதத்துக்கும் குறைவான ஈரமே மிஞ்சும். அதற்குக் கீழே இறங்காதே. 1600 சுற்றும் கிடைக்கும். இன்னும் கொஞ்சம் ஈரம் குறையும், ஆனால் கைத்தறிச் சேலை அந்தச் சுழற்சியில் கசங்கி வருவதை இஸ்திரி போடுகிறவள்தான் அறிவாள். அல்லது அறிவான். இங்கே அது நீயாகத்தான் இருப்பாய்.

டிரையரில் பழைய வகை, ஹீட்டர் வைத்துக் காற்றைச் சூடாக்கித் துணி வழியே விடும். இப்போது வருவது ஹீட் பம்ப். ஃப்ரிட்ஜில் இருப்பது மாதிரி ஒரு கம்ப்ரசர். அதன் சூடான பக்கம் காற்றைச் சூடாக்கும், குளிர்ந்த பக்கம் அந்தக் காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக இறக்கும். பிறகு அதே காற்று மறுபடியும் சூடாகி டிரம்முக்குள் போகும். வெப்பம் வெளியே வீணாவதில்லை. ஏ.இ.ஜி. நிறுவனம் 1997-இல் இதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது விலையைக் கேட்டு ஆள்கள் ஓடினார்கள். 2025 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய விதியில் தேறுவது நடைமுறையில் இந்த வகை மட்டும்தான். பழைய லேபிள் கணக்கில், 8 கிலோ டிரையரை ஆண்டுக்கு 160 தடவை ஓட்டினால் ஹீட்டர் வகைக்கு 560 யூனிட் போல ஆகும். நல்ல ஹீட் பம்புக்கு 180-க்குள் முடிந்துவிடும். யூனிட்டுக்கு 30 சென்டுக்கு மேல் கொடுக்கும் நாட்டில் இது சின்ன விஷயமில்லை. எனவே, பழைய ஹீட்டர் டிரையரை யாராவது 'சும்மா தருகிறேன்' என்று விளம்பரம் போட்டால் கும்பிட்டுவிட்டு வா.

ஹீட் பம்ப் மெதுவாகத்தான் காயவைக்கும், சூடும் குறைவு. துணிக்கு அது நல்லது. பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். உள்ளே ஈரம் இறங்கும் பகுதியை நாமே திறந்து சுத்தம் செய்ய முடியுமா என்று கடையில் கேள். 'அது தானே சுத்தம் செய்துகொள்ளும்' என்று பெருமையாகச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். கையால் எட்ட முடியாத இடத்தில் பஞ்சு சேர்ந்தால் மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

துவைப்பதும் காயவைப்பதும் ஒரே பெட்டியில் வருகிற மெஷினை உன் மனைவி ஆசையாகப் பார்ப்பாள். வேண்டாம். 8 கிலோ துவைக்கும் டிரம் 60 லிட்டர் சொச்சம் கொள்ளும். அதே 8 கிலோ காய்வதற்குத் துணி புரண்டு விழ 110 லிட்டர் இடம் வேண்டும். அதனால் ஒரு ஈட்டைத் துவைத்துவிட்டு, பாதியை வெளியே எடுத்து வைத்துத்தான் காயவைக்க முடியும். இரண்டாகவே வாங்கி, இணைப்புச் சட்டம் போட்டு டிரையரை மேலே ஏற்று. சட்டம் இரண்டு மெஷினுக்கும் பொருந்துமா என்று பார்த்துக்கொள்.

இனி, நீ வந்த முதல் வாரமே கேட்கப்போகும் கேள்வி: "மாமா, மெஷின் கெட்டுப்போச்சா? மூன்று மணி நேரமா ஓடுது!" கெடவில்லை. ஹெர்பெர்ட் சின்னர் என்பவர் இதே ஊரில் தலைமையகம் வைத்திருக்கும் ஹென்கெல் நிறுவனத்தில் இருந்தவர். அழுக்கு போக நான்கு வேண்டும் என்று 1959-இல் அவர் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்: சோப்பு, அடிக்கிற அடி, சூடு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்டியாக வேண்டும். ஆற்றங்கரையில் கல்லில் ஓங்கி அடிப்பவருக்குச் சூடும் வேண்டாம், மூன்று மணி நேரமும் வேண்டாம். இந்த ஊர் மெஷின் குளிர்ந்த தண்ணீரை மட்டும் வாங்கி, தானே சூடாக்குகிறது. மின்சாரம் போவதே முக்கியமாக அதற்குத்தான். சிக்கன முறையில் சூட்டைக் குறைத்து, குறைந்ததை நேரத்தால் ஈடுகட்டுகிறார்கள். அவசரமென்றால் குறுகிய முறை இருக்கிறது, ஆனால் அதே அளவு அழுக்கு போக மின்சாரம் கூடும்.

எப்போதும் 30 டிகிரியிலேயே துவைத்துக்கொண்டிருந்தால் உள்ளே வழுவழுவென்று பாசி மாதிரிப் படிந்து நாற ஆரம்பிக்கும். மாதத்துக்கு ஒரு தடவையாவது 60 டிகிரியில் துண்டு, படுக்கை விரிப்பைப் போடு. வெள்ளை வேட்டிக்குத் தூள் சோப்பு வாங்கு, திரவம் வேண்டாம். வெளுக்கும் உப்பு தூளில்தான் இருக்கிறது. ஹென்கெல் 1907-இல் பெர்சில் தூளை விற்க ஆரம்பிக்கும் வரை இங்குள்ள பெண்கள் ஈரத் துணியைப் புல்வெளியில் விரித்து வெயிலில்தான் வெளுத்தார்கள்.

மஞ்சள் கறை மட்டும் அந்தப் பழைய வழிக்கே கட்டுப்படும். சாம்பார் சிந்திய சட்டையை மெஷின் திருப்பித் தந்தபின் மஞ்சளாகத் தெரிந்தால் டிரையரில் போடாமல் ஜன்னலோரம் வெளிச்சம் படும்படி மாட்டு. மஞ்சளின் நிறம் ஒளியில் சிதையும், சூட்டில் போகாது. பட்டையும் சரிகையையும் டிரையர் பக்கமே கொண்டுபோகாதே என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய்க் குளியல் துண்டைப் பற்றி மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். நல்லெண்ணெய் ஏறிய துண்டு டிரையரில் சூடாகி, சுருட்டி வைத்த நிலையில் தானாகவே தீப்பற்ற வாய்ப்புண்டு. தாவர எண்ணெய் பட்ட துணியைப் போடாதே என்று டிரையர்க் கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். தீபாவளிக்கு மறுநாள் யார் கையேடு படிக்கிறார்கள்? அந்தத் துண்டைச் சூடான தண்ணீரில் தனியாகத் துவைத்து, கொடியிலேயே போடு.

எந்தக் கம்பெனி என்று கேட்டால், ஸ்டிஃப்டுங் வாரன்டெஸ்ட் என்ற நுகர்வோர் அமைப்பின் முடிவைப் பார். 1964-இல் தொடங்கியது. கம்பெனி கொடுத்தனுப்பும் பொருளைச் சோதிக்காமல், கடையில் சாதாரண ஆள்போல வாங்கிச் சோதிப்பார்கள். இங்குள்ளவர்கள் மீலே என்ற பெயரை நம் பாட்டிமார் பித்தளைக் குடத்தைச் சொல்வதுபோலச் சொல்வார்கள். 20 ஆண்டு உழைக்கும்படி சோதிப்பதாக அந்தக் கம்பெனி சொல்கிறது; விலையும் அதற்கேற்ப அதிகம். மூன்று வருட ஒப்பந்தத்தில் வருகிறவனுக்கு 20 வருட மெஷின் எதற்கு? நடுத்தர விலையில் வாங்கு. எதை வாங்கினாலும், அந்த மாடல் விற்பனை நின்று 10 ஆண்டு வரை உதிரி பாகம் தர வேண்டும் என்று விதி இருக்கிறது.

மெஷின் வந்ததும் பின்பக்கம் உள்ள போக்குவரத்து போல்ட்டுகளைக் கழற்று. கழற்றாமல் ஓட்டினால் உள்ளே இருக்கும் கான்கிரீட் எடையோடு அது அறை முழுக்கக் குதித்து நடக்கும். போல்ட்டுகளைப் பத்திரப்படுத்து, அடுத்த வீட்டுக்கு மாறும்போது வேண்டும். இரவு பத்துக்கு மேல் ஓட்டாதே. ஞாயிற்றுக்கிழமை ஓட்டலாமா என்பதை உன் குடியிருப்பின் விதித்தாளில் பார்.

சாவி கைக்கு வந்ததும் அந்த மூலையின் அகலம், ஆழம், குளியலறைக் கதவின் அகலம் எல்லாம் அளந்து அனுப்பு. மெஷின் 60 செ.மீ. அகலம், 85 செ.மீ. உயரம், மேலே டிரையர் ஏறினால் 170-ஐத் தாண்டும். கதவு குறுகல் என்றால் 45 செ.மீ. அகலத்தில் மேல்வாய் மெஷின் உண்டு. அதன்மேல் டிரையர் வைக்க முடியாது. மெஷினுக்கு அடித்தளம்தான் என்றால், அங்குள்ள பிளக்கின் மின்சாரம் யார் மீட்டரில் ஓடுகிறது என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டு எழுது.

அன்புடன்,
மாமா